ஒட்டுன டிப் ஏன் தெறிச்சுப் போகுது? – க்யூ பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: சொந்தமா ஒரு பூல் க்யூ, அதான் பந்த அடிக்கிற கோல், வாங்கி ஏழு மாசம் ஆச்சு. முனையில ஒட்டியிருக்குற தோல் டிப் தேஞ்சு போச்சேன்னு நானே புதுசு வாங்கி ஃபெவிகுயிக் போட்டு ஒட்டுனேன். ரெண்டு தடவையும் பிரேக் (ஆட்டத்தோட முதல் அடி) அடிக்கிறப்போ டிப் தெறிச்சு எங்கயோ போயிருச்சு. பசை சரியில்லையா, டிப் சரியில்லையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, பசை மேலயும் டிப் மேலயும் பழி போட வேணாம், ரெண்டும் சேர்ற இடத்தப் பாருங்க. ஷாஃப்ட், அதாவது க்யூவோட மெல்லிசான முன்பகுதி, அதோட முனையில வெள்ளையா ஒரு பூண் இருக்குல்ல, ஃபெரூல்னு சொல்வாங்க, அதோட தலையில பழைய பசை கண்ணாடி மாதிரி காஞ்சு கெடக்கும், அது மேல புதுப் பசைய விட்டா அது பழைய பசையத்தான் புடிச்சுக்கும், பூண புடிக்காது. அதனால முதல் வேலை அத பிளேடால சுரண்டி சுத்தமா எடுக்குறது. பிளேட நேரா நிறுத்தி மெதுவா சுரண்டுங்க, தோண்டிராதீங்க. அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேலோட விளிம்ப பூண் தலைமேல வச்சு டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க. நடுவுலயோ ஓரத்துலயோ கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் சமமாகலன்னு அர்த்தம். இந்த ஒரு பரிசோதனைய மட்டும் விட்டுராதீங்க, நான் பாத்த வரைக்கும் தெறிச்சுப் போன டிப்புல பாதிக்கு மேல இங்கதான் கோளாறு.

டிப்போட அடிப்பக்கத்தையும் அப்படியே ஒட்டக்கூடாது. வழவழன்னு இருக்கும், சிலது லேசா குழிஞ்சும் இருக்கும். ஒரு கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாள போட்டு டிப்ப ஒரே அழுத்தத்துல வட்டமா தேய்ங்க, முழுசா ஒரே மாதிரி சொரசொரப்பு வரணும். பசை விஷயத்துல தண்ணி மாதிரி ஓடுறத விட ஜெல் வகை நல்லது, ஏன்னா ஓடுற பசைய தோல் உறிஞ்சிரும், நடுவுல ஒட்டுறதுக்கு பசையே மிஞ்சாது, உறிஞ்சுன எடமும் கல்லு மாதிரி ஆயிரும். ஒரு சொட்டு போதும். நடுவுல வச்சு அழுத்திட்டு, க்யூவ தலகீழா தரையில நிறுத்தி ஒரு நிமிஷம் உங்க கை எடைய குடுங்க. அப்புறம் மறுநாள் வரைக்கும் அத தொடாதீங்க. பத்து நிமிஷத்துல காஞ்சிரும்னு சொல்வாங்க, காயும், ஆனா அவசரமா ஓரத்த வெட்டுறப்போ பக்கவாட்டுல இழுவை விழும், ஒட்டு அங்கயே விட்டுப்போகும்.

ஓரம் வெட்டுறதுக்கு முன்னாடி பூண சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க. இத அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி என் க்யூவ ஒரு கடையில டிப் மாத்தக் குடுத்தேன், அவங்க டிப்போட சேத்து பூணையும் ஷாஃப்ட் கழுத்தையும் உப்புத்தாள்ல இழுத்துட்டாங்க, 13 மில்லிமீட்டர் இருந்தது மெலிஞ்சு போச்சு, தேஞ்ச மரத்த திரும்பக் கொண்டுவர வழியே இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கழுத்த விரலால தடவிப் பாத்தப்போ வந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதனால டேப் ஒட்டுங்க. டிப் ஷாஃப்ட விட கொஞ்சம் பெருசா வாங்கிக்கங்க, 13க்கு 14 வாங்கலாம். மரப்பலகை மேல டிப் கீழ இருக்குற மாதிரி க்யூவ நிறுத்தி, புது பிளேடால பூண் பக்கத்துல இருந்து பலகைய நோக்கி கீழ்முகமா கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க, க்யூவ சுத்திக்கிட்டே வரணும். ஒரே வெட்டுல எடுக்கப் பாத்தா தோல் பிஞ்சிரும். கடைசியா 400, 600 நம்பர் தாள். அப்புறம் பக்கவாட்ட விரல்ல தண்ணி தொட்டு லேசா நனச்சு, பழைய பெல்ட் துண்டால சூடு தெரியுற வரைக்கும் வேகமா தேய்ங்க, பளபளன்னு இறுகிரும். இத செய்யலன்னா நாலு நாள்ல டிப் காளான் மாதிரி விரிஞ்சு பூணுக்கு வெளிய வந்து நிக்கும்.

கேள்வி: ஜப்பான் டிப் போட்டாத்தான் ஸ்பின் நல்லா வரும்ங்கறாங்க, உண்மையா? சாஃப்ட் வாங்கறதா ஹார்ட் வாங்கறதா?
– அலுவலகம் முடிஞ்சு விளையாடுறவர், சென்னை

பதில்: ஸ்பின் டிப்போட விலையில இருந்து வர்றதில்லைங்க, வெள்ளைப் பந்துல நடுவ விட்டு எவ்வளவு தள்ளி அடிக்கிறீங்கங்கறதுல இருந்து வருது. பூல் பந்தோட விட்டம் 57.15 மில்லிமீட்டர், நடுவுல இருந்து கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர், அதாவது ஆரத்துல பாதி, அதத் தாண்டுனா எந்த டிப்பா இருந்தாலும் வழுக்கி மிஸ்க்யூ, அதாவது அடி தவறிப் போகும். டிப்பும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்குறதே ஒரு நொடியில ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துல வழுக்காம புடிக்க வேண்டியது தோலும் அது மேல பூசுற சாக் பொடியும். தோல் டிப்ப கொண்டுவந்த பெருமை ஃப்ரான்சுவா மிங்கோங்கற பிரெஞ்சு ராணுவக்காரருக்குத்தான் போகுது, 1807 வாக்குல, பாரிஸ்ல சிறையில இருந்தப்போ யோசிச்சதுன்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி வெறும் மரமுனையாலதான் அடிச்சாங்க, ஓரத்துல அடிச்சா வழுக்கும், அதனால ஸ்பின் ஆட்டமே பெருசா கிடையாது. இருநூறு வருஷமா அந்த தோலுக்கு ஈடா இன்னொன்னு வரலங்கறது எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான்.

சாஃப்ட் டிப் சாக்க நல்லா புடிச்சு வச்சுக்கும், ஆனா சீக்கிரம் விரியும், அமுங்கும். ஹார்ட் ரொம்ப நாள் உருவம் மாறாம நிக்கும், ஆனா மேல வழவழப்பு ஏறிரும், அடிக்கடி சொரசொரப்பாக்கணும். நீங்க கேக்குறதால சொல்றேன், மீடியம் போடுங்க. கமுய், மூரி மாதிரி ஜப்பான் டிப்பெல்லாம் பன்றித் தோல அடுக்கடுக்கா ஒட்டி செய்றது, ஒன்னுக்கொன்னு வித்தியாசம் குறைவு, அதுக்குத்தான் அந்த விலை. எல்க் மாஸ்டர் மாதிரி நீல டிப் ஒரே துண்டுத் தோல், ஒரு டப்பாவுல கல்லும் இருக்கும் பஞ்சும் இருக்கும். அத பிரிக்க ஒரு பழைய வழி இருக்கு, டைல்ஸ் தரையில ஒவ்வொன்னா போட்டு காதால கேளுங்க, கெட்டியானது டிக்னு கூர்மையா சத்தம் போடும், மெத்துனு இருக்குறது பொத்துனு விழும். நான் சாயங்காலம் உக்காந்து ஒரு டப்பா முழுக்க இப்படி போட்டுப் பாத்து மூணு குவியலா பிரிச்சு வச்சுக்குவேன். நல்லா ஒட்டுன நீல டிப்பு, சரியா ஒட்டாத ஜப்பான் டிப்ப விட நூறு மடங்கு மேல்.

கேள்வி: ஸ்னூக்கர் க்யூவுல பூல் ஆடலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: ஸ்னூக்கர் ரூல்ஸ் எழுதி மாட்டுன கிளப் இருக்குற ஊர்ல இருந்து கேக்குறீங்க, சந்தோஷம். ஆடலாம், ஆனா அதோட டிப் 9, 10 மில்லிமீட்டர்தான், செஞ்சது 52.5 மில்லிமீட்டர் பந்துக்கு. பூல் பந்து பெருசு, கனமும் கூட, பிரேக் மட்டும் அந்தக் க்யூவுல வேணாம், பார்லர்ல எல்லாருக்கும் வச்சிருக்குற க்யூவ எடுத்துக்கங்க.

கேள்வி: டிப்ப எவ்வளவு வளைவா வச்சுக்கணும்? சாக் போட்டாலும் வழுக்குது.
– வாசகி, கோவை

பதில்: அமெரிக்காவுல நிக்கல் காசு வளைவு, டைம் காசு வளைவுன்னு பேசுவாங்க, 21, 18 மில்லிமீட்டர் காசுங்க. நம்மகிட்ட 2011 வகை ஒரு ரூபாய் காசு 22 மில்லிமீட்டர், நிக்கலுக்கு ரொம்பப் பக்கம். காசோட விளிம்ப டிப் பக்கத்துல நிறுத்திப் பாருங்க, வளைவு ஒத்து வந்தா போதும்மா, அதுக்கு மேல கூராக்க வேணாம். வழுக்குறது அநேகமா மேல ஏறுன பளபளப்பால. டிப்ப வெளிச்சத்துல சாய்ச்சா கறுப்பா மின்னும். உப்புத்தாள்ல ஒரு துண்ட மடிச்சு மேல லேசா தட்டி தட்டி எடுங்க, இழுத்துத் தேய்ச்சா தோல் வீணாகும். அப்புறம் சாக் கட்டிய குடைஞ்சு திருகாம, டிப் மேல பக்கவாட்டுல பூசுற மாதிரி தடவி, ஓரத்துலயும் நீலம் ஏறிருக்கான்னு பாத்துட்டு அடிங்க.