ஆஸ்கரில் வரைபடம் வரவில்லையா? முதலில் மெமரி கார்டைப் பாருங்கள்
கணினி கேள்வி – பதில்

உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக, முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள், அதன் மெமரி கார்டில் இரவு முழுவதும் பதிவாகும் தகவல்களைத் தம் கணினியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் இலவச மென்பொருள் ஆஸ்கர். 'ஸ்லீப்பிஹெட்' என்ற பழைய மென்பொருளின் பணி நின்றுபோனபோது, அதன் மூல நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் 2019இல் வெளியிட்டதே இது. இதைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் தந்தை ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 கருவியைப் பயன்படுத்துகிறார். ஆஸ்கரில் சில நாள்களுக்குப் பயன்படுத்திய நேரமும், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று சொல்லும் ஏ.ஹெச்.ஐ. எண்ணும் தெரிகின்றன, ஆனால் வரைபடங்கள் வருவதே இல்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. – வாசகர், ஈரோடு

வரைபடம் இல்லாத அந்த நாள்களில் கார்டு எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்திருக்கும். ஆஸ்கரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி மென்பொருளின் குற்றமே அல்ல என்று நான் மீண்டும் மீண்டும் எழுதுவதற்கு இதுதான் காரணம். கருவி கார்டில் எதை எழுதிவைத்ததோ, அதை மட்டுமே ஆஸ்கரால் காட்ட முடியும்.

இந்தக் கருவி இரண்டு விதமாகக் கணக்கு வைக்கிறது. கடைக்காரர் அன்றாடச் சிட்டாவும் பேரேடும் தனித்தனியே எழுதுவதைப் போன்றது இது. எத்தனை மணி நேரம் ஓடியது, அழுத்தம் எவ்வளவு, ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு என்ற நாள் சுருக்கத்தைக் கருவி தன் நினைவகத்திலேயே வைத்திருந்து, கார்டைச் செருகியதும் அதில் எழுதிவிடும். ஆனால் மூச்சுக்காற்றின் ஓட்டத்தை நொடிக்கு 25 முறை அளந்து எழுதும் விரிவான பதிவு, அந்த இரவில் கார்டு உள்ளே இருந்தால் மட்டுமே உண்டாகிறது. ஏழு மணி நேர உறக்கத்துக்கு அது 6,30,000 அளவீடுகள் ஆகும். கார்டு வெளியே இருந்த இரவுக்கு அவை எங்கும் இல்லை என்பதால், எத்தனை முறை மென்பொருளை நிறுவினாலும் அந்த வரைபடங்கள் வரப்போவதில்லை. இனி காலையில் கருவியை நிறுத்தியதும், அது எழுதி முடிக்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்திருந்து கார்டை எடுங்கள். கணினியில் ஏற்றிய கையோடு மறுபடி கருவியில் செருகிவிடுங்கள்.

கார்டு உள்ளே இருந்தும் வரைபடம் வரவில்லை என்றால், கார்டையே சந்தேகிக்க வேண்டும். கருவியோடு வந்த கார்டு பழுதாகிப் புதிதாக வாங்குபவர்கள் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த அளவில், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டதை வாங்குவது நல்லது. 64 ஜிபி கார்டுகள் வேறொரு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வருவதால் கருவி அவற்றை ஏற்க மறுக்கலாம். விலை குறைந்த சில சிபாப் கருவிகளோ எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டுமே பதிவு செய்பவை. அத்தகைய கருவி என்றால் ஆஸ்கரே அதைத் திரையில் தெரிவித்துவிடும். அதற்கு மாற்றுவழி கிடையாது.

ஊரில் இருக்கும் அம்மாவின் கார்டில் உள்ள கோப்புகளைத் தம்பி எனக்கு அனுப்பிவைத்தான். என் கணினியில் ஏற்ற முயன்றால், கருவியின் தகவல் எதுவும் இந்த இடத்தில் இல்லை என்று ஆஸ்கர் சொல்கிறது. – வாசகி, பெங்களூரு

உங்கள் தம்பி 'டேட்டாலாக்' என்ற கோப்புறையை மட்டும் அனுப்பியிருக்க வேண்டும். தேதிவாரியாகக் கோப்புகள் அதற்குள் இருப்பதைப் பார்த்தால் அது போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கருவி எந்த வகை, அதன் வரிசை எண் என்ன என்பதைச் சொல்லும் சிறிய அடையாளக் கோப்பும், நாள் சுருக்கங்கள் அடங்கிய எஸ்.டி.ஆர். கோப்பும் அந்தக் கோப்புறைக்கு வெளியே, கார்டின் முதல் நிலையில் இருக்கின்றன. அவை இல்லாமல் இது யாருடைய, எந்தக் கருவியின் பதிவு என்பதை ஆஸ்கரால் அறிய முடியாது. ஆகவே கார்டில் உள்ள அனைத்தையும், பெயரோ அடுக்கோ மாறாமல், அப்படியே ஒரு புதிய கோப்புறையில் நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றும்போது நீங்களும் 'டேட்டாலாக்' கோப்புறையைத் தேர்ந்தெடுக்காமல், அதற்கு மேலே உள்ள கோப்புறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். கார்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளக்கூடிய சிறிய பூட்டு ஒன்று இருக்கும். கணினியில் செருகுவதற்கு முன்பு அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டால், விண்டோஸோ மேக்கோ தம் பங்குக்கு மறைவான கோப்புகளை அதில் எழுதிவிடாது. கார்டில் பிழை உள்ளது, சரிசெய்யட்டுமா என்று கணினி கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம். கருவியில் திரும்பச் செருகும் முன் பூட்டை மறக்காமல் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் கருவியால் அதில் எழுத முடியாது.

உறக்கப் பரிசோதனையில் சொன்ன ஏ.ஹெச்.ஐ.க்கும், மருத்துவர் காட்டிய அறிக்கைக்கும், ஆஸ்கர் காட்டுவதற்கும் பொருத்தமே இல்லை. எதை நம்புவது? – வாசகர், மதுரை

மூன்றும் அதனதன் வகையில் உண்மையே. ஏ.ஹெச்.ஐ. என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு 10 நொடியாவது நின்றது அல்லது குறைந்தது என்ற சராசரி. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 30க்கு மேல் கடுமையானது என்று பெரியவர்களுக்கு வகுத்திருக்கிறார்கள். பரிசோதனைக் கூடத்தில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வதால், உறங்கிய நேரத்தால் மட்டும் வகுக்கிறார்கள். கருவிக்கோ நீங்கள் உறங்குகிறீர்களா, விழித்தபடி புரண்டு படுக்கிறீர்களா என்பது தெரியாது. முகமூடி மாட்டியிருந்த நேரம் முழுவதாலும் வகுத்துவிடுகிறது. ஓர் இரவில் 28 நிகழ்வுகள், முகமூடி அணிந்தது 7 மணி நேரம் என்றால் கருவி 4.0 என்று காட்டும். அதில் உண்மையாக உறங்கியது 5 மணி நேரமே என்றால் கணக்கு 5.6 ஆகிவிடும். மூச்சு குறைந்ததை முடிவு செய்ய, பரிசோதனைக் கூடத்தில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் பார்க்கிறார்கள். கருவி காற்றோட்டத்தை மட்டுமே பார்க்கிறது.

மருத்துவரின் அறிக்கை பெரும்பாலும் ஒரு மாதச் சராசரியாக இருக்கும். ஆஸ்கரின் தினசரிப் பக்கம் ஒரே இரவைக் காட்டுகிறது. அத்துடன், ஆஸ்கரின் அமைப்புகளில் சில நிமிடங்களே நீடித்த பகுதிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதி உண்டு. இரவில் பலமுறை எழுபவர்களுக்கு அதனாலும் எண் மாறும்.

என்னைக் கேட்டால், எண்ணைவிட நிகழ்வின் வகையைப் பார்ப்பதே பயன் தரும். காற்றோட்ட வரைபடத்தை மூன்று நிமிட அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சீரான அலைகளுக்கு நடுவே கோடு தட்டையாகிப் பத்து நொடிக்கு மேல் ஓடி, அதன் பின் இரண்டு மூன்று பெரிய மூச்சுகள் எழுந்தால் அங்கே ஒரு தடை நேர்ந்திருக்கிறது. அதை ஆஸ்கர் 'ஓ.ஏ.' என்று குறித்திருந்தால் தொண்டை அடைத்தது என்று பொருள், 'சி.ஏ.' என்றால் பாதை திறந்தே இருக்க, மூச்செடுக்கும் முயற்சியே நின்றது என்று கருவி கணித்திருக்கிறது. இரண்டாவது வகை அதிகமாக இருப்பவர்களுக்கு அழுத்தத்தைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கவும் கூடும். ஆகவே வரைபடத்தைப் பார்த்துவிட்டு அழுத்தத்தை நீங்களே மாற்றிவிடாதீர்கள்; அந்தப் பக்கத்தை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஃபிலிப்ஸ் கருவியை விட்டுவிட்டு ஏர்சென்ஸுக்கு மாறினேன். முன்பு 30, 35 என்று காட்டிய காற்றுக் கசிவு இப்போது 2, 3 என்று காட்டுகிறது. எது தவறு? – வாசகர், திருச்சி

தவறு எதுவும் இல்லை. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் தன் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த பிறகு வேறு கருவிக்கு மாறிய பலருக்கும் இதே ஐயம் எழுந்திருக்கிறது. நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காக முகமூடியில் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே வேண்டுமென்றே வெளிவிடும் காற்றையும் சேர்த்து மொத்தக் கசிவாக ஃபிலிப்ஸ் எழுதுகிறது. ரெஸ்மெட் அதைக் கழித்துவிட்டு, ஓரங்களில் ஒழுகுவதை மட்டும் எழுதுகிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், பழைய பதிவுகளுக்கு ஒழுகலை மட்டும் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டும் வசதி ஆஸ்கரின் அமைப்புகளில் இருக்கிறது. ரெஸ்மெட் வரைபடத்தில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்ற கோட்டைக் கசிவு அடிக்கடி தாண்டினால் முகமூடியின் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் கருவி குறிக்கும் நிகழ்வுகளையும் முழுதாக நம்ப முடியாது.

சனிக்கிழமை விடியற்காலையில் நடந்தவை வெள்ளிக்கிழமைக் கணக்கில் வருகின்றன. – வாசகி, சேலம்

அப்படித்தான் வர வேண்டும். ரெஸ்மெட் கருவிக்கு ஒரு நாள் என்பது நண்பகல் 12 மணியிலிருந்து மறுநாள் நண்பகல் 12 மணி வரை. இரவு இரண்டாக வெட்டுப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. தேதியே மாதக்கணக்கில் தள்ளியிருந்தால் கருவியின் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஆஸ்கரைச் செல்போனில் நிறுவ முடியுமா? – வாசகர், நெல்லை

முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் மட்டுமே இயங்கும்.

புதிய லேப்டாப் வாங்கிவிட்டேன். இத்தனை ஆண்டுப் பதிவுகளையும் அதற்கு மாற்றுவது எப்படி? – வாசகர், கோவை

பழைய கணினியின் 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் 'ஆஸ்கர் டேட்டா' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அங்கே காணவில்லை என்றால் ஒன்டிரைவ் பகுதிக்குள் தேடுங்கள். விண்டோஸ் சில நேரம் 'டாக்குமெண்ட்ஸ்' முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஆஸ்கரை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவில் நகலெடுத்து, புதிய கணினியின் 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் வைத்த பிறகு மென்பொருளைத் திறந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். புதிய பதிப்பு ஒருமுறை திறந்து மாற்றி எழுதிய பதிவுகளைப் பழைய பதிப்பால் படிக்க முடியாமல் போகலாம் என்பதால், பென் டிரைவில் உள்ள நகலைச் சிறிது காலம் அழிக்காமல் வைத்திருங்கள். அமைப்புகளில் கார்டின் நகலைச் சேமிக்கும் வசதி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். அது இயங்கினால், பிற்பாடு ஏதாவது கோளாறு வந்தாலும், சேமித்த நகலிலிருந்து அத்தனை நாள்களையும் ஆஸ்கர் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.