புது உப்புத்தண்ணி டேங்க்: உங்க கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான், "மீன் செத்துடுச்சு, ஏன்?"னு ஒத்த வரி. டேங்க் எத்தனை லிட்டர், ஓட ஆரம்பிச்சு எத்தனை நாள், அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, சாலினிட்டி (தண்ணில உப்போட அளவு) எவ்வளவு, இந்த அஞ்சு எண்ணும் இல்லாம எழுதுனா யாராலயும் காரணம் சொல்ல முடியாதுங்க. டெஸ்ட் கிட் வாங்காம மீன் வாங்காதீங்கன்னு போன தடவையும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

டேங்க் ரெடி பண்ணி 3 நாள் ஆச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மீன் விடலாமா?

கூடாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, தெளிவா இருக்குறத வச்சு எதுவும் சொல்ல முடியாது. 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா ஊத்துனா 24 மணி நேரத்துல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே ஜீரோவுக்கு வரணும், அன்னைக்குத்தான் டேங்க் ரெடி. அம்மோனியாவ நைட்ரைட்டாவும் அத நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா இப்படி வளர்றதத்தான் 'சைக்கிள்'னு சொல்றோம். பொதுவா 4லருந்து 6 வாரம், சில டேங்க்ல 8 வாரம்கூட ஆகும்.

சாலினிட்டி ஏறிக்கிட்டே போகுது. தினமும் சரியா 35 பிபிடி (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) கலந்த உப்புத்தண்ணிதான் ஊத்துறேன்.

அதனாலதான் ஏறுது. ஆவியா போறது தண்ணி மட்டும், உப்பு உள்ளயேதான் இருக்கும். குறையுற அளவுக்கு உப்பு போடாத ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. உப்புத்தண்ணி, தண்ணி மாத்துறப்போ மட்டும்.

டேங்க் சைக்கிள் ஆகறதுக்கு 'ஸ்டார்ட்டர் மீன்'னு சொல்லி கடைல 4 டாம்சல் குடுத்தாங்க. 6 நாள்ல ரெண்டு செத்துடுச்சு. இன்னும் ரெண்டு வாங்கி விட்டா சைக்கிள் நிக்காம போகுமா?

வாங்காதீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன், இன்னும் இந்தப் பழக்கம் போகல, எனக்கு இதுல வர்ற கோவம் வேற எதுலயும் வராது.

அந்த மீனுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் யோசிங்க. மீன் விடுற கழிவுல அம்மோனியா வருது, அதத் தின்ற பாக்டீரியா புது டேங்க்ல இன்னும் வளரல, அதனால அது சேர்ந்துக்கிட்டே போகுது. உப்புத்தண்ணியோட பிஎச் 8.2 பக்கம் இருக்கறதால அம்மோனியால விஷமா இருக்குற பங்கு நல்லதண்ணி டேங்க விட அதிகம். அது முதல்ல செவுளத்தான் அரிக்கும். மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுமே, பசின்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் தீனி போடுவோம், அம்மோனியா இன்னும் ஏறும். என் முதல் டேங்க்ல இதே தப்ப நான் பண்ணிருக்கேன், கடைக்காரர் சொன்னத நம்பி 3 டாம்சல் விட்டேன், அதுல ஒண்ணு நாலு நாள் தண்ணி மட்டத்துலயே மூச்சு வாங்கிக்கிட்டு கெடந்துச்சு, இன்னைக்கும் மறக்க முடியல.

"டாம்சல் தாங்கும்"னு சொல்றாங்க. தாங்கும்னா சாக கொஞ்சம் நாள் ஆகும்னு அர்த்தம், வலிக்காதுன்னு அர்த்தம் இல்ல. கடைக்கு வர்ற டாம்சல்ல பெரும்பாலானது பவளப்பாறைலருந்து பிடிச்சதுதான், உங்க டேங்க்ல அம்மோனியா உண்டாக்குறதுக்காக ஒரு உயிர கடல்லருந்து கொண்டுவரணுமா? பொழச்சாலும் பிரச்சனை முடியாது. டேங்க் முழுக்க தன்னோட இடம்னு எடுத்துக்கிட்டு அப்புறம் விடுற ஒவ்வொரு மீனையும் தொரத்தித் தொரத்திக் கடிக்கும், அதப் பிடிக்கணும்னா பாறை மொத்தத்தையும் வெளிய எடுக்கணும். அம்மோனியாவுக்கு மீனே வேணாம், அமோனியம் க்ளோரைடு கரைசல் சில சொட்டு போதும், இல்ல ஒரு துண்டு செத்த இறால் போட்டா அது அழுகுறதுலயே வரும்.

இப்போ இருக்குற ரெண்டையும் பாருங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்குற டேங்க் வச்சிருக்குற யாராவது வாங்கிக்குவாங்களான்னு முதல்ல கேளுங்க, கடைல திருப்பி எடுத்தாலும் சரி. வழியே இல்லன்னா தினமும் அம்மோனியா டெஸ்ட் பண்ணி, ஏறுனா அதே சூடு, அதே சாலினிட்டில முந்துன நாளே கலந்து வச்ச தண்ணியால பாதி வரைக்கும் மாத்துங்க. அம்மோனியாவக் கட்டுற கண்டிஷனர் ஊத்துங்க, பாட்டில் பாக்டீரியா சேருங்க, ஏர் பம்ப் ஓடட்டும், தீனி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை. நைட்ரைட்ட விட அம்மோனியாவுக்குத்தான் பயப்படணும், உப்புத்தண்ணில இருக்குற க்ளோரைடு நைட்ரைட்ட செவுள் வழியா அவ்வளவா உள்ள விடாது.

நண்பரோட பழைய டேங்க்லருந்து 40 லிட்டர் தண்ணி கொண்டுவந்து ஊத்துனா சைக்கிள் சீக்கிரம் முடியுமா?

முடியாது. பாக்டீரியா பாறைலயும் மணல்லயும் ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், தண்ணில ரொம்பக் கொஞ்சம். தண்ணிக்கு பதிலா ஒரு பாறைத் துண்டு கேளுங்க. அவரு டேங்க்ல சமீபத்துல நோய் வந்திருந்தா அதுவும் வேணாம்.

பாறைய சுத்தம் பண்ண கொதிக்க வைக்கலாமா?

எக்காரணம் கொண்டும் கூடாது. அதுல ஜோவாந்திட் மாதிரி பவளம் போல ஒட்டி வளர்ற உயிரி இருந்தா பாலிடாக்சின்ங்கற விஷம் ஆவியோட வீடு முழுக்கப் பரவும், மனுஷங்களுக்கே ஆபத்து.

80 லிட்டர் டேங்க். பையனுக்கு ஆரஞ்சு மீனும் நீல மீனும் வேணுமாம். அனிமோனும் (கடல் சாமந்தி) சேர்த்து வாங்கிடவா?

ஆரஞ்சு க்ளவுன்ஃபிஷ் ஒரு ஜோடி வைங்க, பண்ணைல பொறந்ததான்னு கேட்டு வாங்குங்க, தாராளமா கிடைக்குது. ப்ளூ டாங் வேணாம். கைக்குள்ள அடங்குற சைஸ்ல விப்பாங்க, அது 30 செமீ வரைக்கும் வளர்ற மீன், நாள் முழுக்க நீளமா நீந்துற மீன், 80 லிட்டர்ல திரும்பக்கூட இடம் இருக்காது. அத முட்டைலருந்து வளர்த்து எடுத்ததே 2016லதான், இன்னைக்கும் விக்கிறதுல பெரும்பாலானது கடல்ல பிடிச்சது. அனிமோன் இல்லாம க்ளவுன் நல்லாவே வாழும், அனிமோனுக்கு குறஞ்சது ஆறு மாசம் பழகுன டேங்க்கும் நல்ல லைட்டும் வேணும். வாங்குறதுக்கு முன்னாடி அது வளர்ந்தா எவ்வளவு பெருசுன்னு பாருங்க, வாங்குன பிறகு என்கிட்ட கேக்காதீங்க.

மீன் மேல உப்புத் தூவுன மாதிரி புள்ளி. டேங்க்லயே காப்பர் மருந்து ஊத்திடலாமா? உள்ள ரெண்டு இறாலும் நத்தைகளும் இருக்கு.

ஊத்துனா இறாலும் நத்தையும் செத்துடும், பாறை காப்பர உறிஞ்சி வச்சுக்கும். புள்ளி இருக்குற மீன மட்டும் இல்ல, எல்லா மீனையும் தனி டேங்க்குக்கு மாத்தி, காப்பர் அளவ டெஸ்ட் பண்ணிப் பண்ணி அங்க வைத்தியம் பாருங்க. மெயின் டேங்க்ல சுமார் இரண்டரை மாசம் மீனே இருக்கக்கூடாது. நாலஞ்சு நாள்ல புள்ளி தானா காணாம போகும், சரியாயிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி கீழ விழுந்து கூடு கட்டி அதுக்குள்ள நூத்துக்கணக்குல பெருகி திரும்ப மீனத் தேடி வரும், ரெண்டாவது தடவைதான் மீன் சாகும். குவாரண்டைன் டேங்க் வைங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றது இதுக்குத்தான். மணல் பாறை எதுவும் வேணாம், சின்ன டேங்க், ஹீட்டர், பழகுன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ரெண்டு பிவிசி பைப் துண்டு. புது மீன் எதுவா இருந்தாலும் அங்க 4 வாரம்.

மீன் பார்சல்ல வருது, ஒன்றரை நாள் ஆகுமாம். டேங்க் தண்ணிய பைல சொட்டுச் சொட்டா விட்டு மீன பழக்குறதுக்கு 3 மணி நேரம் ட்ரிப் பண்ணணுமா?

வேணாம். ஒன்றரை நாள் மூடி இருந்த பைல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால அதுல இருக்குற அம்மோனியா அவ்வளவா விஷமா இருக்காது. பையத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமா மாறும், அந்தத் தண்ணிலயே மீன மூணு மணி நேரம் வைக்கிறது கொடுமை. எந்த சாலினிட்டில அனுப்புறாங்கன்னு முன்னாடியே கேட்டு குவாரண்டைன் டேங்க்க அதுக்கு வச்சுடுங்க. மூடுன பைய 20 நிமிஷம் மிதக்க விட்டுத் திறந்து உடனே மீன மட்டும் மாத்துங்க. பைத் தண்ணி ஒரு சொட்டுகூட உள்ள போகக்கூடாது.

லயன்ஃபிஷ் பெருசாயிடுச்சு, மத்த மீனத் திங்குது. கடல்ல விட்டுடலாமா?

கூடாது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து மீன் அது, 1985ல ஃப்ளோரிடா பக்கம் முதல்ல தென்பட்டுச்சு, இன்னைக்கு கரீபியன் முழுக்கப் பரவி அங்க இருக்குற குட்டி மீன்களத் தின்னு தீக்குது. பெரிய டேங்க் இருக்குறவங்களுக்குக் குடுங்க.

6 வாரம் பொறுத்தேன், மீன் இல்லாமதான் சைக்கிள் பண்ணேன். 150 லிட்டர், அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40, சாலினிட்டி 35. இப்போ எத்தனை மீன் விடலாம்?

எல்லா எண்ணோடயும் எழுதுனதுக்கு ரொம்ப நன்றி, படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. முதல்ல பாதித் தண்ணி மாத்தி நைட்ரேட்ட இறக்குங்க. குவாரண்டைன் முடிச்ச ஒரு மீன், இல்ல ஒரு ஜோடி மட்டும் விடுங்க, அடுத்தது ரெண்டு மூணு வாரம் கழிச்சு, பாக்டீரியாவும் அதுக்குத் தகுந்த மாதிரி பெருகணும் இல்லயா. மேல வலை மூடி கண்டிப்பா போடுங்க, புது எடத்துல பயந்து குதிச்சுடும். முதல் நாள் லைட் போடாதீங்க. அன்னைக்கு சாப்பிடலன்னா பதறாதீங்க, மூணாவது நாளும் தீனியத் தொடலன்னா எழுதுங்க.