பாத்ரூமில் ஒரு ஸ்டுடியோ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றி நாலு மெயில். நாலும் ஒரே நண்பர் குழுவிலிருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் அனுப்பியவை என்று நினைக்கிறேன். தனித்தனியாகவே பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுக்குள் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: நாங்கள் நாலு பேரும் 80-களில் மதுரையில் ஒன்றாகக் காலேஜ் படித்தவர்கள். அப்போது கேசட் தேயத் தேயக் கேட்ட ஒரு இங்கிலீஷ் பாப் பாட்டுக்கு எங்களில் ஒருவன் இப்போது தமிழில் நையாண்டி வரி எழுதியிருக்கிறான். காதலியை நினைத்து உருகுகிற பாட்டு, இவன் கையில் சுகர் டெஸ்ட் பாட்டாகிவிட்டது. படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம். பாடிப் பார்த்தால் சிரிப்பே வரவில்லையே, ஏன்? (மதுரை)

பதில்: வரிகளைப் படித்தேன், நானும் சிரித்தேன் (எனக்கும் வெறும் வயிற்றில் 150). நகைச்சுவையில் குறை இல்லை, அளவில்தான் இடிக்கிறது. பல்லவி முடிகிற இடத்தில் மூலப் பாடகர் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நாலு தட்டுக்கு இழுக்கிறார் இல்லையா, சரியாக அங்கே உங்கள் நண்பர் ‘சர்க்கரை’யின் ‘ரை’யைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். சொல்லின் கடைசியில் வரும் ஐ குறுகித்தான் ஒலிக்கும், பள்ளிக்கூடத்தில் ஐகாரக் குறுக்கம் என்று படித்தோமே, அதேதான். அதை இழுத்தால் வார்த்தை வார்த்தையாக இருக்காது, ஏதோ கூவுகிற மாதிரி இருக்கும். உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது: ‘சீனி’ என்று மாற்றுங்கள். ‘சீஈஈஈனி’ என்று எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், கேட்கிறவனுக்கு அந்த இழுப்பே பாதிச் சிரிப்பு.

இன்னொன்று, நம் காது எதுகையைத் தேடும், இங்கிலீஷ் பாட்டு அடியின் கடைசியில் ஓசையைப் பொருத்தும். நையாண்டிக்கு அந்தக் கடைசி ஓசைதான் முக்கியம், ஏனென்றால் பழைய வரி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் புது வரி அதை இடறிவிட முடியும். அமெரிக்காவில் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக் என்று ஒருவர் இதையே வாழ்நாள் தொழிலாக வைத்திருக்கிறார். மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாட்டை 1984-ல் ‘ஈட் இட்’ ஆக்கினார், ஒரே ஒரு எழுத்துதான் போயிற்று, சண்டை வேண்டாம் என்ற பாட்டு சாப்பிடு சாப்பிடு என்று ஆகிவிட்டது. அமெரிக்க ஹிட் பாட்டுகளின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது 12-ம் இடம் வரை போனது. அதில் கவனிக்க வேண்டியது இசை. கித்தார், ட்ரம்ஸ், குரலின் ஆவேசம் எல்லாம் பெரும்பாலும் மூலத்தைப் போலவே இருக்கும். நீங்கள் அனுப்பிய சாம்பிளில் இரண்டாவது வரியிலேயே பின்னாலிருந்து ஒருவர் சிரிக்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி பாடுங்கள். காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையில் நானும் இப்படிச் சிரித்து ஒரு நல்ல பாட்டைக் கொன்றவன்தான்.

கேள்வி: நான் பெங்களூரில், கித்தார்க்காரன் சென்னையில், மற்ற இருவர் மதுரையில். அவரவர் வீட்டிலேயே போனில் ரெக்கார்ட் செய்து சேர்த்தோம். ஒன்றும் சேரவில்லை. ஸ்டுடியோ வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா? (பெங்களூர், கீபோர்டு)

பதில்: வேண்டாம். யாங்கோவிக் தனி இசைத்தட்டாக வெளியிட்ட முதல் பாட்டு 1979-ல், அவர் ஆர்க்கிடெக்சர் படித்த கலிபோர்னியாக் கல்லூரியில், ரேடியோ நிலையத்துக்கு எதிரே இருந்த பாத்ரூமில் பதிவானது. மறு வருஷம் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் நேரடியாகப் பாடியபோது ட்ரம்ஸ்கூட இல்லை, அன்றைக்குத்தான் பழக்கமான ஒருவர் அக்கார்டியன் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். அந்தத் தட்டுக்காரர்தான் பிறகு நிரந்தர ட்ரம்மர் ஆனார்.

ஆனால் நீங்கள் பாத்ரூமுக்குப் போக வேண்டாம். அவரிடம் ஒரு குரல், ஒரு அக்கார்டியன், எதிரொலி அழகாக இருந்திருக்கும். நாலு வீட்டுக் குரலும் வாத்தியமும் சேரும்போது நாலு அறைகளின் எதிரொலியும் சேர்ந்து கஞ்சியாகிவிடும். பதிவில் ஏறிய எதிரொலியை எடுப்பது பெரும்பாடு, இல்லாததைச் சேர்ப்பது ஒரு பட்டன். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள், ஃபேனை அணைத்துவிடுங்கள்.

சேராததற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இரண்டுதான். முதலாவது, பொதுத் தாளம் இல்லை. நீங்கள் முதலில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து கீபோர்டை மட்டும் பதிந்து அனுப்புங்கள், தொடக்கத்தில் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ எண்ணிவிட்டு. எல்லோரும் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். இரண்டாவது, ப்ளூடூத் ஹெட்போன். அதில் சத்தம் ஒரு இம்மி தாமதமாகத்தான் காதுக்கு வரும், நீங்கள் அந்தத் தாமதத்துக்கு வாசிப்பீர்கள், பாட்டு மொத்தமும் பின்தங்கும். பழைய ஒயர் ஹெட்போன் வீட்டில் ஏதாவது டிராயரில் கிடக்கும், தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்க்க ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் இலவசம், உங்களுக்கு அது போதும்.

கேள்வி: 80-களின் அந்த ‘டுஷ்’ ட்ரம்ஸ் சத்தம் எப்படிக் கொண்டுவருவது? (சென்னை, கித்தார்)

பதில்: பெரிய ஹாலில் அடித்த மாதிரி எதிரொலி கிளம்பி, பாதியில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், அதுதானே? அதற்கு கேட்டட் ரிவெர்ப் என்று பெயர். 1979-ல் லண்டனில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் ட்ரம்ஸ் வாசித்தபோது, இன்ஜினியர் ஹ்யூ பேட்ஜம் இசைக் கலைஞர்கள் பேசுவதைக் கேட்க வைத்திருந்த மைக்கில் ட்ரம்ஸ் தற்செயலாக விழுந்து பிறந்த சத்தம். ரிவெர்ப் சேர்த்து, அதன் மேல் சத்தம் குறைந்ததும் வெட்டிவிடும் நாய்ஸ் கேட் போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். கீபோர்டுக்கு யமஹா டிஎக்ஸ்7, 1983-ல் வந்தது, அந்தக் காலத்து மெலடிகளில் கண்ணாடிமணி மாதிரி கேட்கும் பியானோ அதுதான். அதன் சத்தத்தைத் தரும் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது.

கேள்வி: யூடியூபில் போட்டால் கேஸ் வருமா? அப்புறம், வரி எழுதியது நான். என்னைப் பாட விட மாட்டேன் என்கிறார்கள். (மதுரை, பாடலாசிரியர்)

பதில்: நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994-ல் உச்ச நீதிமன்றமே, வியாபாரத்துக்காகச் செய்த நையாண்டியும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று சொன்னது. அங்கேயும் யாங்கோவிக் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத்தான் செய்கிறார். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நையாண்டி என்ற சொல்லே கிடையாது, விமர்சனத்துக்காக நியாயமாகக் கையாளலாம் என்பது மட்டும் இருக்கிறது. ஒரு மலையாள நாடகத்துக்கு எழுதப்பட்ட எதிர் நாடகத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 1996-ல் அந்த வழியில் அனுமதித்தது. ஆனால் சுகர் டெஸ்ட் பாட்டு மூலப் பாட்டை விமர்சிக்கிறதா என்று யாராவது கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். எப்படியும் மெட்டு இன்னும் உரிமையில் இருக்கிறது, யூடியூப் அதைக் கண்டுபிடித்து உரிமைக்காரருக்குச் சொல்லக்கூடும். யாரோ செய்த கரோக்கி டிராக்கை மட்டும் எடுக்காதீர்கள், அது தனி உரிமை. காலேஜ் குரூப்புக்குள் சுற்றவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

பாடுவது பற்றி: உங்கள் சாம்பிளையும் கேட்டேன். நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் காலப் பாட்டுகளில் நடுவில் இசை அடங்கி, ஒருவர் மெல்லிய குரலில் வசனம் பேசுவாரே, அந்த இடத்தில் லேப் ரிப்போர்ட்டை நீங்கள் வாசியுங்கள். பேர், வயசு, வெறும் வயிறு, சாப்பிட்ட பின். நிதானமாக, சிரிக்காமல்.