குளக்கட்டை உயர்த்த நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் வயலும், அதற்கு மேலே மாமனார் கட்டிய சொந்தக் குளமும் இருக்கின்றன. மண்கட்டு 400 அடி நீளம், 9 அடி உயரம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது. கட்டை 3 அடி உயர்த்த ஒருவர் 14 இலட்சம் கேட்கிறார். கணவரின் மறைவுக்குப் பிறகு மகளின் படிப்புக்கென்று போட்ட 18 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. செப்டெம்பரில் முதிரும். அதை உடைக்கவா, நகையை அடகு வைக்கவா? போன மாரியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பின்னால் கட்டின் அடியில் ஈரம் கண்டது. கீழே இப்போது இரண்டு வீடுகளும் வந்துவிட்டன.

பதில்: அம்மா, உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் என்னை உலுக்கின. கட்டை உயர்த்த ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அந்த 14 இலட்சத்தைக் கணக்குப் பார்த்தேன். மேற்பகுதி 8 அடி அகலம், இரு பக்கமும் ஓரடி உயரத்துக்கு இரண்டடி சரிவு என்று வைப்போம். 3 அடி உயர்த்தினால் அடிப்பகுதி இன்னும் 12 அடி அகலமாக வேண்டும். உயரம் மூன்றில் ஒரு பங்கு கூட, மண்ணோ அறுபது வீதத்துக்கு மேல் கூடுகிறது. இறுக்கிய கணக்கில் 600 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). ஒரு கியூப்புக்குக் கிட்டத்தட்ட 2,300 ரூபா வருகிறது. மண், டிப்பர், தண்ணீர் பவுசர், ரோலர் எல்லாம் இதற்குள் அடங்குமா? அவரிடம் கேளுங்கள். உச்சியில் மட்டும் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிற விலையாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஏற்கனவே கசியும் கட்டு, கூடுதல் தண்ணீரையும் சுமக்க வேண்டி வரும்.

மண்கட்டுக்கு எமன் இரண்டு வழியால் வருவான். ஒன்று, மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வான் போதாமல் வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்வது. மற்றது, உள்ளே தண்ணீர் வழி பிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வருவது. துருசுக் குழாயின் ஓரம் அதற்கு வசதியான இடம். எங்கள் ஐயா கட்டில் நின்ற வேம்பைத் தறித்தார். வேர் உக்கிய இடத்தால் சில வருடத்தில் தண்ணீர் வந்தது. பெருவிரல் அளவு ஓட்டைதான். விடிய விடிய மண்மூடை அடுக்கினோம். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்களுடையது அதன் முன்னால் சிறு குட்டைதான். ஆனாலும் நித்திரையில் கிடக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அது போதும்.

ஆகவே செலவு இப்படிப் போகட்டும்: குழாயைச் சுற்றித் தோண்டி, ஈரக் களியை மெல்லிய படைகளாக இட்டு இடித்து இறுக்குவது, வானை அகலமாக்குவது, பற்றைகளை வெட்டி, கறையான் புற்றுகளைத் தோண்டி அடைப்பது. கமநல சேவை நிலையத்தில் சொல்லி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் கட்டைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஆறு இலட்சத்துக்கு மேல் போனால் இந்த மாரிக்குத் துருசைத் திறந்தே விட்டுத் தண்ணீரைக் குறைவாக வைத்திருங்கள். சிறுபோகத்தில் இரண்டு மூன்று ஏக்கரில் நெல்லுக்குப் பதிலாக உழுந்து, பயறு போடலாம்.

வைப்பை உடைக்க வேண்டாம், வட்டி குறையும். வேலை ஓகஸ்டில் நடக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மண் இறுக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு, வைப்பையே பிணையாகக் காட்டி அதே வங்கியில் கடன் எடுத்து, வைப்பு முதிர்ந்ததும் அடைத்துவிடுங்கள். வட்டி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த போகம் பிழைத்தால் அதுதான் உங்கள் கைக்காசு. வேலைகாரருக்கு மூன்று தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை குளத்தில் தண்ணீர் ஏறிக் கசிவு இல்லை என்று கண்ட பிறகு.

மாரி முழுக்கக் காலையில் கட்டின் அடியில் நடவுங்கள். கசிந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். மத்தியானம் அடியில் மண் படிந்திருந்தால் கட்டு கரைகிறது. உடனே அந்த இரண்டு வீட்டாரையும் மேட்டுக்கு ஏற்றுங்கள், விதானையாருக்கு அழையுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கங்களை இன்றே வாங்கி வையுங்கள்.