சோர்ஸ் கோட் கேட்டு மெயில் வந்திருக்கிறது, கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் சிறியது, வைஃபை ரவுட்டர் விற்கிறோம். உள்ளே ஓடுவது லினக்ஸும் பிஸிபாக்ஸும் (லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளை ஒரே சிறு நிரலில் அடக்கியது). வாங்கிய ஒருவர் சோர்ஸ் கோட் (மூல நிரல்) கேட்டு மெயில் போட்டிருக்கிறார். "ஓப்பன் சோர்ஸ்தானே, நெட்டில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்" என்கிறார் மேனேஜர். சரியா? நாங்கள் சொந்தமாக எழுதியதையும் கொடுக்க வேண்டி வருமா?
- பெயர் வேண்டாம்

பதில்: சரியில்லை. எழுதியவர்கள் காசு வாங்காமல் கொடுத்தார்கள், ஆனால் நிபந்தனையோடு கொடுத்தார்கள். லினக்ஸ், பிஸிபாக்ஸ் இரண்டும் 1991-ல் வந்த ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருபவை. பெட்டியை விற்கிறவர் சோர்ஸையும் கூடவே தர வேண்டும், இல்லையென்றால் யார் கேட்டாலும் தருகிறோம் என்று பெட்டியோடு எழுதிக் கொடுத்து, குறைந்தது 3 வருடம் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். மீறினால் அந்த மென்பொருளை விநியோகிக்கும் உரிமையே போய்விடும், அதற்குப் பிறகு விற்கும் ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமை (காப்பிரைட்) மீறல்தான்.

நெட்டில் கிடப்பது உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இல்லையே! நீங்கள் செய்த மாற்றங்கள், கம்பைல் செய்து (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) நிறுவப் பயன்பட்ட ஸ்கிரிப்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் சோர்ஸ். ஒருமுறை நானும் ஒரு பெட்டிக்குக் கேட்டு வாங்கினேன், ஜிப் ஃபைல் வந்தது, பிரித்து, கம்பைல் செய்ய "மேக்" என்ற கட்டளையை அடித்தால் கான்ஃபிக் ஃபைலே இல்லை, கம்பைலர் இருக்கும் இடமென்று அந்த நிறுவன ஊழியர் ஒருவரின் ஹோம் ஃபோல்டரைக் காட்டுகிறது. என் கணினியில் அது எங்கே இருக்கும்? இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன். அப்படிக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம்.

உங்கள் சொந்த நிரலைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. கர்னலுக்கு மேலே தனியாக ஓடும் அப்ளிகேஷனுக்கு ஜிபிஎல் ஒட்டாது, லினக்ஸின் உரிமக் கோப்பிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பிஸிபாக்ஸுக்குள் கை வைத்து எழுதியிருந்தால் அதைக் கொடுத்தாக வேண்டும். கர்னலோடு சேர்ந்து ஓடும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதியிருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள், அது சண்டை ஓயாத விஷயம்.

லிங்க்சிஸ் கதையை மேனேஜரிடம் சொல்லுங்கள். அவர்களின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை வெளியாட்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான், 2003-ல் சோர்ஸ் வெளியே வந்தது. அதிலிருந்து முளைத்ததுதான் இன்று எத்தனையோ பழைய ரவுட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள். அந்த லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ மீது, லிங்க்சிஸ் பொருள்களுக்காகவே 2008 டிசம்பரில், ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2009-ல் சமரசம் ஆனபோது, இந்த உரிமங்களைக் கவனிக்கவே தனியாக ஒருவரை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

மெயில் அனுப்பியவருக்கு இன்றே பதில் போடுங்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று சொல்லி. அப்புறம் சிப் விற்றவரிடம் முழு சோர்ஸையும் கேட்டு வாங்கி, எதுவுமே நிறுவாத ஒரு புதுக் கணினியில் ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஏற்றும் மென்பொருளை) பில்ட் செய்து பாருங்கள். அங்கே ஓடினால் அனுப்புங்கள்.