நாற்பது பேரில் ஒருத்தன்: சிறப்பாசிரியரிடம் கேட்டவை

19 வருடமாக, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராக இருக்கிறேன். வகுப்பறைக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மருந்து, சிகிச்சை பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

மேடம், என் வகுப்பில் 40 பேர். ஒரு பையனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) என்று அறிக்கை வந்திருக்கிறது. அவன் ஒருத்தனுக்காகத் தனிப்பாடம் தயாரிக்க எனக்கு நேரம் ஏது?

தனிப்பாடம் வேண்டாம். அதே பாடத்தில் அவன் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் பதில் தெரியாமல் இருக்காது, கேள்வியைப் படிக்க முடியாமல்தான் நிற்பான்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, எழுத்து நடுவில், கால் கடைசியில். நாம் அதை ஒரே படமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை, ‘கெ’ என்று சொல்லி முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலை என்ன செய்வது என்று விழிக்கும். ல, ள, ழ குழப்பம் வேறு.

ஓர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். வினாத்தாளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். ‘நாளைக்கு இந்தப் பத்தி உனக்கு’ என்று முதல் நாளே காதோடு சொல்லிவிட்டால் வீட்டில் பழகிக்கொண்டு வருவான்.

மார்க் விஷயம். என்னிடம் வந்த ஓர் அறிவியல் தாளில் ‘ஒலிச்சேர்க்கை’ என்று எழுதியிருந்தது. சூரிய ஒளி, நீர், கார்பன் டை ஆக்சைடு, பச்சையம், கடைசியில் குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று எல்லாம் சரி. தலைப்பில் ஓர் எழுத்துதான் தப்பு. அன்றைக்கு நாம் சோதித்தது அறிவியலையா, ளகரத்தையா? அறிவியலுக்கு முழு மார்க் போட்டுவிட்டு, எழுத்தைப் பக்கத்தில் திருத்திக் காட்டினேன்.

ஏடிஎச்டி (கவனம் சிதறுவது, ஓயாமல் அசைவது) உள்ள பையன். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் ஒரு நிமிடம் அடங்குவதில்லை. விளையாட்டு பீரியடை ரத்து செய்தும் பார்த்துவிட்டேன்.

முதல் பெஞ்ச் மருந்து இல்லை சார். அது வாசலுக்கு எதிரே இருந்தால், போகிறவர் வருகிறவர் எல்லாரையும் அவன்தான் எண்ணிக்கொண்டிருப்பான். உங்கள் கைக்கெட்டும் தூரம், வாசலும் ஜன்னலும் கண்ணில் படாத இடம், அதுதான் தேவை.

விளையாட்டு பீரியடை மட்டும் பிடுங்காதீர்கள். உடம்பை ஆட்டித் தீர்க்க அவனுக்கு இருப்பதே அந்த நேரம்தான். அசைவது எப்படியும் நடக்கப்போகிறது, அதை ஒரு வேலையாக மாற்றிவிடுங்கள். நோட்டுகளைக் கொடுத்து வரட்டும், போர்டைத் துடைக்கட்டும். பின்னால் நின்றுகொண்டு எழுதுவதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

அப்புறம், ‘நோட்டை எடு, தேதி போடு, 34ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைப் போடு’ என்பது நம் வாயில் ஒரே மூச்சு. அவனுக்கு நாலு வேலை. தேதி போட்டு முடிப்பதற்குள் மற்றது பறந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், போர்டிலும் எழுதிவிடுங்கள். 10 கணக்கை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள்.

அக்கா, ஹியரிங் எய்ட் போட்டிருக்கிற பெண். ஆனாலும் பாதிப் பாடம் கேட்கவில்லை என்கிறாள். கவனக்குறைவாக இருக்குமோ?

இல்லைம்மா. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகிவிடுகிற மாதிரி இல்லை இது. ஹியரிங் எய்ட் உங்கள் குரலோடு மின்விசிறியையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் நன்றாக வேலை செய்யும். மிச்சத்தை அவள் உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் நிரப்பிக்கொள்கிறாள். அதுவும் அரைகுறைதான். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

என் முதல் வருடத் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் நோட்டைத் திருத்தும்போது, அங்கங்கே இரண்டு வரி, மூன்று வரி என்று வெற்றிடம். ஏன் என்று கேட்டதற்கு, ‘அப்போதெல்லாம் நீங்கள் போர்டைப் பார்த்துப் பேசினீர்கள் மிஸ்’ என்றாள். என் முதுகை அவள் வரி வரியாகப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

எழுதும்போது பேசாதீர்கள், திரும்பிய பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், அதனால் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள். பின் பெஞ்சில் யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். (மீசை மேலுதட்டை மறைக்கிற சார்கள் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் புண்ணியம்.) ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், புரியாவிட்டாலும் தலையாட்டுவாள். ‘இப்போது என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேளுங்கள். நாள் முழுக்க இப்படி உற்றுப் பார்ப்பதே பெரிய அலுப்பு. கடைசி பீரியடில் அவள் சோர்ந்து போனால் அதையும் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள மாணவன். மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். அடம்பிடிப்பதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்கிறார் தலைமையாசிரியர்.

அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும். நடுநடுவே நம்மை ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். இவனுக்கு எதுவும் வேண்டாம், சத்தம் நின்றால் போதும். அந்த நேரத்தில் அறிவுரை சொன்னால் அதுவும் இன்னொரு சத்தம்தான். பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கிவிட்டு, பக்கத்தில் இருங்கள்.

ஒரு வாரம் மூன்று கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள்: கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். பல நேரம் முதல் கட்டத்திலேயே விடை கிடைத்துவிடும். மணிதான் காரணம் என்றால், இரண்டு நிமிடம் முன்னால் ஓர் அட்டையைக் காட்டி எச்சரியுங்கள். காதுக்கு ஹெட்ஃபோன் கொடுக்கலாம். அன்றைய பீரியடுகளைப் படமாக வரிசையாக ஒட்டி, முடிந்ததை அவனே எடுத்துவிடட்டும். அமைதியாக உட்கார ஒரு மூலை ஒதுக்குங்கள். ஆனால் தண்டனைக்காக அங்கே அனுப்பிவிட்டால் அதன் பிறகு அந்த மூலை எதற்கும் உதவாது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டாம். பார்க்காமலே கேட்டுக்கொண்டிருப்பான்.

பேச்சிலும் கவனம் வேண்டும். ‘இந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வா’ என்று சொன்னதற்கு, தண்ணீர் பாட்டிலையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். ‘இரண்டு முறை படித்துவிட்டு வா’ என்று சொன்னால் முடிந்தது.

வகுப்பில் வலிப்பு வந்தால்?

எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள டெஸ்க், பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, இதுவே முதல் முறை என்றாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விழாமல், சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மீள்கிற வகையும் உண்டு. அதைப் பகற்கனவு என்று நினைத்துத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது. பெற்றோரிடம் சொல்லுங்கள்.

திக்கிப் பேசுகிற மாணவிக்கு வாயில் வருகிற சொல்லை நான் எடுத்துக்கொடுக்கலாமா?

வேண்டாம். காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். திக்குவாய் இல்லாதவர்களுக்கும் இதில் லாபம்தான். சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் குறையும், அதனால் இரண்டு பேராக வாசிக்க வைக்கலாம்.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். 20 வரைதான் எண்ணுவாள். கணக்கு நேரத்தில் படத்துக்குக் கலர் அடிக்கக் கொடுக்கிறேன். சரிதானே?

சரியில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கலர் அடிப்பது அவளைச் சும்மா உட்கார வைக்கிற வேலை, பாடம் இல்லை. பாடம் ஒன்றாகவே இருக்கட்டும், எட்ட வேண்டிய இடம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

புள்ளியியல் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். யார் யார் எந்த மாதத்தில் பிறந்தார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, அந்த மாதத்துக்கு நேரே ஒரு கட்டையை அடுக்குவது அவள் வேலை. மற்றவர்கள் அந்தக் கட்டைகளை வைத்துத்தான் வரைபடமும் சராசரியும் போட வேண்டும். ‘மே மாதத்தில் எத்தனை? எது அதிகம்?’ என்று அவளிடமும் கேளுங்கள். அவள் எண்ணினால்தான் வகுப்பு நகரும்.

புதிதாக ஒன்றைப் பழக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பையில் புத்தகங்களை அடுக்குவதை நீங்கள் செய்து, ஜிப்பை மட்டும் அவள் மூடட்டும். அடுத்த வாரம் கடைசிப் புத்தகமும் ஜிப்பும். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருப்பாள்.

‘அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்?’ என்று மற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள்.

‘கண்ணாடி போட்டிருக்கிறவர்களைக் கழற்றிவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்லலாமா?’ என்று திருப்பிக் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். அவன் அறிக்கையில் இருக்கிற பெயரை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவனும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் வகுப்பில் உதவியாளர் இருக்கிறார், எப்போதும் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே. எனக்குக் கவலை விட்டது.

எனக்கு அங்கேதான் கவலை. மைக்கேல் ஜியாங்ரெகோ என்ற கல்வி ஆய்வாளரின் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. உதவியாளர் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆசிரியர் அந்தப் பிள்ளையை விட்டு விலகிவிடுகிறார், சக மாணவர்களும் நெருங்குவதில்லை, பிள்ளையும் எல்லாவற்றுக்கும் அவர் கையையே எதிர்பார்க்கிறது. அவரை வகுப்பு முழுக்கச் சுற்றி வரச் சொல்லிவிட்டு, தினமும் பத்து நிமிடமாவது நீங்கள் போய் உட்காருங்கள். துணை மாணவர் போட்டாலும் வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள்.

பயிற்சியே இல்லாத நாங்கள் இதையெல்லாம் செய்வதைவிட, சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதுதானே நல்லது?

1994இல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் 92 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் கூடி, பொதுப்பள்ளிதான் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் தர வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24ஆவது பிரிவில் அதை உரிமையாகவே எழுதிவிட்டது. சைகை மொழியிலேயே படிக்கிற பிள்ளைகளைப் போலச் சிலருக்குத் தனி ஏற்பாடு பொருந்தலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘எனக்குப் பயிற்சி இல்லை’ என்பது அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது. மேலே சொன்னதில் எதற்குப் பட்டம் வேண்டும்? போர்டிலிருந்து திரும்பிப் பேசுவதற்கா?

மேடம், முதல் கேள்வி கேட்டவன்தான். ஜன்னல் அட்டை செய்து கொடுத்தேன். இப்போது வேறு மூன்று பேரும் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

தாராளமாக. வெட்டிக் கொடுக்கிற வேலையை அவனிடமே விடுங்கள், ஜன்னல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.