கீழ்ப்பாக்கத்தில் வீடு இருக்கிறதா?

கேள்வி: தம்பிக்கு மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பெயர் வந்துவிட்டால் பெண் கிடைக்காது, மாத்திரையை நிறுத்து என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா கடைசியாகக் கீழ்ப்பாக்கம் போனது எப்போது? அங்கே ஒரு ஃபிளாட் என்ன விலை என்று விசாரித்தால் கேட்டவருக்குத்தான் தலை சுற்றும். தம்பிக்குக் கீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். பெண் வீட்டார் வேன் பிடித்துக் கும்பகோணம் வந்து இறங்குவார்கள்.

மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக ஒரு பேட்டையின் பெயரையே வசவாக்கிய பெருமை நம் சினிமா, நாடக வசனகர்த்தாக்களுக்கு உரியது. இதை இதே பக்கத்தில் முன்பு எழுதியதற்கு, 'உமக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது' என்று நாடக நண்பர் ஒருவர் சந்தாவை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு, வாயாலேயே பஸ் ஓட்டும் ஆளை விட்டால் அவர்களுக்கு வேறு மனநோயாளி தெரியாது. மனச்சோர்வு வந்தவர் பஸ் ஓட்டுவதில்லை சார், காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கே அவருக்குத் தெம்பு இருக்காது. அதை மேடையில் காட்டினால் யார் கைதட்டுவார்கள்?

1794இல் சென்னையில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871இல். 1961 முதல் அதை நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன் பிறகு மனச்சிதைவு நோயாளிகளுக்கான 'ஸ்கார்ஃப்' அமைப்பையும் தொடங்கினார். சிகிச்சை இருக்கும் இடத்தைக் கேலி செய்தோம். சங்கிலி போட்டுக் கட்டிவைத்த இடங்களைக் கேட்க ஆளில்லை. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது கட்டிய சங்கிலியோடு 28 பேர் செத்தார்கள்.

சரி, மாத்திரை. பலன் தெரியவே சில வாரம் ஆகும். குணமான பிறகும் சில மாதம் சாப்பிடச் சொல்வார்கள். பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் பாடு.

கல்யாணமா? பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இந்த ஒன்றை மறைத்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமும் மறைக்க வேண்டாம். மற்ற நோய்களுக்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஏஜென்ட் 'அப்படியா?' என்பார். சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

அப்புறம், 14416. அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தம்பிக்கு மட்டுமல்ல, மாத்திரை பற்றிய சந்தேகத்தை அம்மாவே கூப்பிட்டுக் கேட்கலாம்.